துப்பியதில் ஒரு துப்பு

அத்தியாயம் 5

"நான் துப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் பல் டாக்டர்.

மாப்பிள்ளை தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக "உக்காரலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"எங்க துப்புனீங்க?"

"குழாய்ல."

"அதுக்குத் துப்பறியறவங்க எதுக்கு டாக்டர்? பிளம்பரைக் கூப்பிட்டா போதுமே."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை, படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டி.என்.ஏ. டெஸ்ட்டைச் சொல்றாங்க, மாப்பிள்ளை" என்றார். "உக்காருங்க டாக்டர். அவரு அப்படித்தான். பழகிடும்."

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. ஊருக்கு 'புரூஃப் மேடம்'. முப்பத்தொரு வருஷம் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். அச்சகத்தை மூடியபோது எல்லோரும் ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை ஒரு சிவப்புப் பேனாவையும் பிழை கண்டுபிடிக்கும் வியாதியையும் எடுத்துக்கொண்டு வந்தார். காகிதத்தில் பிழை தேடியவர் இப்போது மனிதர்களிடம் தேடுகிறார். துப்பறியும் தொழிலுக்கு 'புரூஃப்' என்ற பட்டப்பெயர் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததே என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பதில்லை. அவருக்கு எதற்குமே சீக்கிரம் சிரிப்பு வராது.

மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். கற்றுக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், அத்தைக்கு உதவியாளன். மாமியாரிடம் போய் வேலை பார்க்கிறாயே என்று நண்பர்கள் கேட்டால், "ரெண்டு இடத்துல வாங்க வேண்டிய திட்டு ஒரே இடத்துல முடிஞ்சிடுது" என்பான்.

டாக்டர் உட்கார்ந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். முகத்தில் தூக்கமில்லை.

"தினம் முப்பது பேரைத் துப்பச் சொல்றவ நான். முதல் தடவையா நானே துப்பினேன். குடும்ப வரலாறு எழுதணும்னு ஒரு ஆசை. அப்பா வழியில நாலு தலைமுறை கெடைச்சிடுச்சு. அம்மா வழியில ஒண்ணுமே இல்ல. கேட்டா, எங்க பக்கம் யாரும் இல்ல, விடுன்னுடுவாங்க. சரி, டெஸ்ட் பண்ணினா உறவுக்காரங்க யாராவது மாட்டுவாங்கன்னு பாத்தேன்."

"மாட்டினாங்களா?"

"மாட்டினாங்க. ஆனா..." என்று மென்று விழுங்கினாள். பல் டாக்டர் என்பதால் நன்றாகவே மென்றாள் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அவள் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியையும் மடித்த காகிதத்தையும் எடுத்து வைத்தாள். அத்தை காகிதத்தைப் பிரித்தார். மாப்பிள்ளை தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

*விருந்தாளி 4418. பெண். மிக நெருங்கிய உறவு. இவர் உங்கள் அத்தை அல்லது பாதி சகோதரியாக இருக்கலாம்.*

"பாதி சகோதரின்னா மேல் பாதியா, கீழ் பாதியா?"

"மாப்பிள்ளை."

"சும்மா கேட்டேன், அத்தை."

டாக்டர் குரலைத் தணித்தாள். "எங்க அப்பா ஒரே பையன். எனக்கு அத்தையே கெடையாது. அப்போ ஒண்ணு, எங்க தாத்தாவுக்கு வேற ஒரு பொண்ணு இருந்திருக்கணும். இல்லைன்னா எங்க அப்பாவுக்கு."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவர் சுவரில் இருந்த எழுத்துகளைத் தப்புத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. கிளினிக்ல நுழைஞ்சதும் அவர் படம்தான் இருக்கும். காலையில அதைப் பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன். இந்த ரிப்போர்ட் வந்த அன்னிக்குக் கழட்டி அலமாரிக்குள்ள வெச்சேன். மூணு வாரமா உள்ளதான் இருக்காரு. அவரு தப்பு பண்ணினாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். இன்னொண்ணு, எங்க அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாது. தாங்க மாட்டாங்க."

"இந்த 4418க்கு எழுதிப் பாத்தீங்களா?"

"எழுதினேன். நாம உறவு போல இருக்கு, நீங்க யாருன்னு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு வரி வந்துச்சு." கைபேசியை நீட்டினாள்.

*இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை.*

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். அத்தை அந்த வரியை மூன்று தடவை படித்தார்.

"பிழையே இல்ல" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "புள்ளிகூடச் சரியா வெச்சிருக்காங்க. கிண்டல் பண்றவங்க இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க. இது சொல்லிச் சொல்லிப் பழகின வாய்." பிறகு ரிப்போர்ட்டைத் தட்டினார். "இதோட மூலப் பிரதி இருக்கா?"

"இதுதான் ரிப்போர்ட். ஆர்டர் போடும்போதே மொழிங்கற இடத்துல தமிழை அழுத்திட்டேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டலாம்னு."

"மூலத்தைப் பாக்காம நான் புரூஃப் பாக்கறதில்ல" என்றார் அத்தை. ஆனாலும் அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு நீள எண் அச்சாகியிருந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் 4417.

"டாக்டர், இந்தப் பெட்டி தனியா வந்துச்சா, ஜோடியா வந்துச்சா?"

டாக்டர் விழித்தாள். "ஜோடியா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். இன்னொண்ண அம்மாகிட்ட குடுத்து நீயும் துப்புன்னேன். எனக்கெதுக்கு இதெல்லாம்னு பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாங்க. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருத்தர். ஏன்?"

"பேர் போடாதவங்களுக்குப் பெட்டி நம்பரையே பேரா வெச்சிடறாங்க. உங்களது 4417. உங்க பாதி சகோதரி 4418. அந்த அம்மா எங்கயோ இல்ல. உங்க இலவசப் பெட்டியிலதான் துப்பியிருக்காங்க."

டாக்டரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தொழில் தர்மப்படி அவளே அதை மூடிக்கொண்டாள்.

"கண்டக்டர் அட்ரஸை எழுதிக் குடுங்க" என்றார் அத்தை.

எழுதிக் கொடுத்தாள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

*

கார் டிரைவிங் ஸ்கூல் கார். மேலே 'L' பலகை. ஓட்டியது அத்தை. ஆறு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். லைசென்ஸ் சோதனையில் நான்கு முறை தோற்றதற்கு ஒரே காரணம், வழியில் எந்தப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவார்.

"மெதுவாகச் செல்லவும், பல்லி உள்ளது" என்று வாய்விட்டுப் படித்து, வண்டியை நடுச்சாலையில் நிறுத்தினார். பின்னால் மூன்று வண்டிகள் கத்தின.

"அது பள்ளிக்கூடம்தான் அத்தை. ஊருக்கே தெரியும். போங்க."

"ஊருக்குத் தெரிஞ்சா பலகை எதுக்கு?" என்றவர், மனமில்லாமல் நகர்ந்தார்.

மாப்பிள்ளை தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாக்டர் எழுதிய சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு புழு மை பாட்டிலில் விழுந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போன மாதிரி இருந்தது. அத்தை வாங்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேரின் கிறுக்கலைப் படித்தவர், சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மருந்துக் கடை எங்க இருக்குன்னு பாருங்க, மாப்பிள்ளை."

மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கி, பழக்கத்தில் அலமாரிப் பக்கம் திரும்பினார். பிறகு நின்றார்.

"இது மாத்திரை இல்ல சார். அட்ரஸ். பத்தொம்பதாம் நம்பர், தண்ணி டேங்க் தெரு. அதுக்குமேல எனக்கே புரியல." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது அந்தப் பல் டாக்டர் எழுத்துதானே? அவங்க எழுதினது புரியலைன்னா நான் நேரா அவங்க அம்மாகிட்டதான் எடுத்துட்டுப் போவேன். பதினேழாம் நம்பர்ல இருக்காங்க. ஒரே பார்வையில படிச்சுச் சொல்லிடுவாங்க. அவங்க ஒருத்தங்களால மட்டும்தான் முடியும்."

"அந்த அம்மாவுக்கு நாம வந்ததே தெரியக்கூடாது" என்று வெளியே வந்ததும் மாப்பிள்ளை முணுமுணுத்தான். "இல்லைன்னா அட்ரஸ் சுலபமா கெடைச்சிருக்கும்."

*

பத்தொன்பதாம் எண் வீட்டுக் கதவைத் திறந்த கண்டக்டர், "உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க" என்றார். ஓய்வு பெற்று பத்து வருஷம் ஆகியும் பேச்சு ஓய்வு பெறவில்லை. தனியாளாக இருந்தார். முன்னறையில் இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஜன்னலோரமாகப் போடப்பட்டிருந்தன.

"டிரைவிங் ஸ்கூல்ல இருந்து வர்றோம்" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தான். "நீங்க வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு..."

"முப்பது வருஷம் டிரைவருக்குப் பின்னாடி நின்னு விசில் ஊதினவன்கிட்ட வந்து ஓட்டக் கத்துக்கறியான்னு கேக்கறீங்களே! நான் விசில் குடுத்தாத்தான் வண்டியே நகரும்." கோபத்தோடு எழுந்து போய், ஆதாரத்துக்காக விசிலை எடுத்து வந்தார். அதை வைத்திருந்த பெட்டியோடு.

வெள்ளை அட்டைப் பெட்டி. உள்ளே பஞ்சுத் திண்டில் ஒரு குழாயின் அளவுக்குக் குழி வெட்டியிருந்தது. அந்தக் குழியில் விசில் சௌகரியமாகப் படுத்திருந்தது. பெட்டியின் அடியில் 4418.

"நல்ல பெட்டி" என்றார் அத்தை.

"பக்கத்து வீட்டம்மா குடுத்தாங்க. விசிலுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

"இதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருந்திருக்குமே?"

"குழாயா? என்கிட்ட வரும்போதே காலி. ஒரு காகிதம் மட்டும் அடியில கெடந்துச்சு. இருங்க, அதுவும் உள்ளதான் இருக்கு." திண்டைத் தூக்கி, மடித்த ஒரு தாளை எடுத்தார். எப்படித் துப்ப வேண்டும் என்ற விளக்கத் தாள். 'துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது' என்ற வரியின் கீழே பென்சிலால் அடிக்கோடு. ஓரத்தில் அழகான சின்ன எழுத்தில், *10.20 – 10.50*.

அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம். பக்கத்து வீட்டம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர். அந்தக் காலத்துல இந்த ஊர்ல எந்த போனை எடுத்தாலும் அவங்க குரல்தான். மெஷின் வந்தப்புறமும், உபயோகத்துல இல்லாத நம்பருக்கு ஒரு குரல் வருமே, அதுவும் அவங்கதான். ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தாங்க." கண்டக்டர் கொஞ்சம் பெருமைப்பட்டார், தெருவின் சார்பாக.

மாப்பிள்ளைக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

*

பத்தொன்பதுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருந்த சுவரோரம் இருவரும் நின்றார்கள். மத்தியான வெயில் தெருவைக் காலி செய்திருந்தது.

"அப்போ துப்பினது டாக்டரோட அம்மாவேதான்" என்றான் மாப்பிள்ளை. "கையும் களவுமா மாட்டிட்டாங்க. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. அம்மா துப்பினா ரிப்போர்ட்ல அம்மான்னுல்ல வரணும்? இவங்க எப்படி அத்தையானாங்க, அத்தை?"

அத்தை சட்டென்று திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"எதை, அத்தை?"

"அதைத்தான். நான் உங்களுக்கு யாரு?"

"என்ன திடீர்னு? அத்தை."

"என் எச்சிலையும் உங்க எச்சிலையும் ஒரே மெஷின்ல போட்டா என்ன வரும்?"

"சண்டை வரும்."

"ஒண்ணும் வராது. ரத்த சம்பந்தமே இல்ல. ஆனாலும் நான் அத்தை. உங்க அப்பா கூடப் பொறந்தவங்களும் அத்தை. உங்க மாமா பொண்டாட்டியும் அத்தை. நம்ம பாஷையிலயே இந்த ஒரு வார்த்தை மூணு பேரைச் சுமக்குது. இங்கிலீஷ்ல?"

மாப்பிள்ளை யோசித்தான். "அங்க எல்லாரும் ஆன்ட்டி. அப்பா கூடப் பொறந்தவங்களும் ஆன்ட்டி, அம்மா கூடப் பொறந்தவங்களும் ஆன்ட்டி, மாடி வீட்டுக்காரம்மாவும் ஆன்..." அவன் பேச்சு அப்படியே நின்றது.

"அதான் மூலப் பிரதி இருக்கான்னு கேட்டேன்" என்றார் அத்தை. "இங்கிலீஷ்ல ஆன்ட்டின்னு இருந்திருக்கு. தமிழ்ப் பொத்தானை அழுத்தினதும் மெஷின் கைக்குக் கெடைச்ச முதல் வார்த்தையைப் போட்டுடுச்சு. டாக்டர் அதை நம்பி அப்பா வழியில தேடியிருக்காங்க. மூணு வாரமா செத்துப்போன ஒரு மனுஷனை அலமாரிக்குள்ள பூட்டி வெச்சதுக்குக் காரணம் ஒரு அச்சுப்பிழை. அப்பா ஒரே பையன், அப்போ இது அம்மா கூடப் பொறந்தவங்க. அது 'அத்தை' இல்ல, மாப்பிள்ளை. 'சித்தி'."

மாப்பிள்ளைக்கு முதலில் வெற்றி கிடைத்த சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே, பதினேழாம் எண் வீட்டின் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ இவங்க டாக்டரோட அம்மா இல்லையா?"

"பெல்லை அடிங்க" என்றார் அத்தை.

*

கதவைத் திறந்தவர் நேராக நின்றார். அறுபத்தேழு வயதில் அப்படி நிற்பவர்கள் குறைவு. அத்தை அறிமுகம் எதுவும் செய்துகொள்ளவில்லை. பென்சில் குறிப்பு இருந்த தாளை மட்டும் நீட்டினார்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

"நீங்கள் தொடர்பு கொண்ட..." என்று ஆரம்பித்த குரல், பாதியில் உடைந்தது. "உள்ள வாங்க."

கூடத்தில் தொலைபேசி இருந்த மேசைக்கு மேலே, தலையில் ஆபரேட்டர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சிரிக்கிற, இளம் வயது அந்த அம்மாவின் படம். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறுமி, முன்பல் இரண்டும் இல்லாமல்.

"இவளைப் பெத்தது எங்க அக்கா" என்றார், சிறுமியின் படத்தைக் காட்டி, கேட்காமலே. "பெத்த மூணாம் நாள் போயிட்டா. நான் அப்போ வேலையில சேர்ந்து ஒரு வருஷம். குழந்தையப் பாத்துக்க ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வந்தேன். லீவு முடிஞ்சுது. என்னால போக முடியல. அடுத்த வருஷம் இவ அப்பா கேட்டாரு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. மாத்தல் வாங்கிட்டு இந்த ஊருக்கு வந்தோம். வந்த அன்னிக்கே பக்கத்துல ஒருத்தங்க, உங்க பொண்ணான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொய் சொன்ன மாதிரியே இல்ல."

"டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையா?" என்றான் மாப்பிள்ளை.

"சொல்லிடலாம்னு அவரு ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். அம்மாவோட தங்கச்சின்னாலும் சித்தி, அப்பாவோட ரெண்டாம் பொண்டாட்டின்னாலும் சித்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அந்த ஒரு பேருதான். அதைக் கேட்டுடக் கூடாதேன்னு இத்தனை வருஷம் பயந்தேன்."

"பயந்தவங்க ஏம்மா போய்த் துப்புனீங்க?"

"மெஷினுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் தம்பி." அவர் முந்தானையை விரலில் சுற்றினார். "நானும் எங்க அக்காவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே ரத்தம். அதுக்கு எங்க வித்தியாசம் தெரியப்போகுது, அம்மான்னுதான் காட்டும்னு நெனச்சேன். பேர் போடாம ரகசியமா பாத்துடுவோம், நல்லபடியா வந்தா தைரியமா அவகிட்ட காட்டலாம்னு. இது அவளுக்கும் போய்ச் சொல்லும்னு யாரு கண்டா?"

"அதுவும் ஒரு எக்ஸ்சேஞ்ச்தாம்மா. கேக்காமலே லைன் குடுத்துடும்" என்றான் மாப்பிள்ளை.

அந்த அம்மா தொலைபேசி மேசையின் இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். ஏதோ கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தது. டாக்டரின் பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல் இருந்தது.

*மருமகள்.*

"மகள்னு வரும்னு பாத்தேன்" என்றார். "மருமகள்னு வந்துச்சு."

மாப்பிள்ளை அந்தத் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து மேசைமேல் வைத்தான்.

"அவளுக்குத் தெரிய வேணாம்" என்று அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்தார். "நாளைக்கு அவ என்னை எப்படிக் கூப்பிடுவா, சொல்லுங்க? இந்த வயசுல புதுசா ஒரு பேரோட நான் என்ன பண்ணுவேன்?"

அத்தை பதில் சொல்லுமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பல் டாக்டர், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சிரைக்க நின்றாள்.

"கண்டக்டர் போன் பண்ணினாரு. உங்க அம்மா வீட்டு வாசல்ல எல் போர்டு வண்டி நிக்குது, ரெண்டு பேர் ஏறியிருக்காங்கன்னு." அவள் அத்தையை முறைத்தாள். "அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே சொன்னேன்?"

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று, ஒரே ரகசியத்தை அத்தையின் இரண்டு கைகளிலும் கொடுத்துவிட்டு நின்றார்கள்.

"டாக்டர், நீங்க என்கிட்ட கேட்டது ஒரு கேள்வி" என்றார் அத்தை. "அதுக்கு மட்டும் பதில் சொல்றேன். உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்ல. உங்க தாத்தா மேலயும் இல்ல. படத்தை எடுத்து மாட்டிடுங்க. என் வேலை முடிஞ்சுது. வாங்க, மாப்பிள்ளை."

டாக்டரின் தோள் தளர்ந்தது. ஆனால் அவள் வழியை விடவில்லை. "அப்போ அந்த 4418 யாரு?"

அத்தை டாக்டரைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அத்தை அதற்கு வேண்டிய நேரத்தையும் கொடுத்தார்.

"நான்தான்" என்றார் அம்மா.

பிறகு உட்கார்ந்து, முன்பு சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். வெளியூர் டிரங்கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர் குரலில், நிதானமாக, எதையும் விடாமல். ஊரில் எல்லோருக்கும் லைன் கொடுத்தவர், தன் வீட்டுக்குள் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பிடுங்கி வைத்திருந்த ஒரு லைனைத் தானே எடுத்துச் செருகினார்.

முடித்தபோது டாக்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"துப்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடலையே?"

"சாப்பிடல. பத்து இருபதுல இருந்து பத்து அம்பது வரைக்கும் கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"அப்போ ரிசல்ட் சரிதான்" என்றாள் டாக்டர். சொல்லிவிட்டு அழுதாள். சின்னக் குழந்தை மாதிரி சத்தமாக அழுதாள். "எங்க அப்பாவ மூணு வாரம் அலமாரிக்குள்ள வெச்சிருந்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேல எனக்கு எவ்வளவு கோவம் வருது தெரியுமா?"

"தெரியும்" என்றார் அவர்.

அத்தை சிவப்புப் பேனாவை எடுத்தார். மாப்பிள்ளைக்குப் பகீரென்றது, இந்த நேரத்தில் எங்கே எழுத்துப்பிழையைப் பார்த்தார்? அத்தை அம்மாவின் தாளை மேசைமேல் விரித்தார்.

"இதுலயும் இங்கிலீஷ் 'நீஸ்'ஸை மெஷின் தப்பாத்தான் போட்டிருக்கு" என்றார். "அக்கா பொண்ணை யாரும் மருமகள்னு சொல்றதில்ல. ரெண்டு எழுத்து கூடுதலா விழுந்திருக்கு." 'மரு' என்ற இரண்டு எழுத்துகளைச் சிவப்பில் அடித்து, நீக்கவும் என்பதற்கான சுழியை ஓரத்தில் போட்டார். தாளில் 'மகள்' மட்டும் மிஞ்சியது.

பிறகு கைப்பையிலிருந்து டாக்டரின் ரிப்போர்ட்டை எடுத்து, பேனாவோடு டாக்டரிடம் நீட்டினார்.

"'அத்தை' தப்பு. அது நிச்சயம். சரியான வார்த்தை என்னன்னு நான் போட முடியாது. அது உங்க பிரதி."

டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கினாள். 'அத்தை'யை அடித்தாள். கொஞ்ச நேரம் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மாப்பிள்ளை, கால் தன்னாலே இல்லாத பிரேக்கைத் தேட, பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சரசரவென்று எழுதி, தாளை அந்த அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். புழு மறுபடியும் மையில் விழுந்து நடந்திருந்தது. ஒரு எழுத்தா, மூன்று எழுத்தா என்றுகூடத் தெரியவில்லை. அத்தையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"மருந்துக் கடைக்கு எடுத்துட்டுப் போவோமா, அத்தை?" என்றான் மெதுவாக.

"சும்மா இருங்க, மாப்பிள்ளை."

அந்த அம்மா கண்ணாடி போடவில்லை. தாளைக் கையில் எடுத்தார். ஒரே பார்வையில் படித்தார். படித்துவிட்டு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "கோட்டைக் கழட்டு, முகத்தைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார்.

டாக்டர் எழுந்து போனாள். அத்தை அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மூலையில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டு, திருப்பிக் கொடுத்தார். அச்சகத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, படிக்காமலே அவர் கையெழுத்துப் போட்ட புரூஃப் அது ஒன்றுதான்.